மூன்று கறுப்பு மூடிகள்

அந்தப் பெட்டிக்கு ஜன்னலோர சீட் கிடைத்தது. எனக்குக் கிடைக்கவில்லை.

சனிக்கிழமை மதியம் சேலத்திலிருந்து ஏர்க்காட்டுக்குக் கிளம்பும் பஸ்ஸில் எவ்வளவு கூட்டம் இருக்கும் என்று எங்கள் மலைக்காரர்களிடம் சொல்லத் தேவையில்லை. சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் பாதி, சாமான் வாங்கிக்கொண்டு திரும்புகிற எங்கள் ஆட்கள் பாதி. என் தோழி ரோஸ்லின் முண்டியடித்து முதலில் ஏறினாள். இரண்டு பேர் சீட்டின் ஜன்னல் பக்கம் அந்த அட்டைப் பெட்டியை உட்காரவைத்தாள். தன் துப்பட்டாவை அவிழ்த்து அதைச் சீட்டோடு சேர்த்துக் கட்டினாள். பக்கத்தில் தானும் உட்கார்ந்துகொண்டாள். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கண்டக்டர் வந்து பெட்டியைத் தட்டிப் பார்த்தார். "ஏனுங்க, இதத் தூக்கிப் பின்னால போட்டுரலாமுங்களே? ஆளு நிக்கறாங்க பாருங்க."

"ஐயோ வேண்டாங்க, உள்ள கண்ணாடிங்க. இதுக்கும் ஒரு டிக்கெட் போட்டுருங்க."

போட்டுவிட்டார். பெட்டிக்கு முழு டிக்கெட்.

பின் சீட்டிலிருந்த ஓர் அம்மா எட்டிப் பார்த்து, "உள்ள என்ன கண்ணு, சாமி செலையா?" என்று கேட்டார். சேர்வராயன் கோயில் திருவிழா நெருங்கிக்கொண்டிருந்த சமயம். அவர் அப்படி நினைத்ததில் தப்பில்லை.

"கம்ப்யூட்டருங்கம்மா. கேம் ஆடறதுக்கு" என்றாள் ரோஸ்லின். அந்த அம்மா அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

என் கையிலும் ஒரு பை இருந்தது. அதற்குள் செய்தித்தாளில் சுற்றிய ஒரே ஒரு ராம் துண்டு, கம்ப்யூட்டரின் ஞாபகசக்தி. தலை சீவும் சீப்பு அளவு இருக்கும். அன்றைக்கு என்னால் வாங்க முடிந்தது அவ்வளவுதான்.

இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் ரோஸ்லின் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். எட்டாவது வளைவில் எதிரே ஒரு வேன் வந்து, டிரைவர் பிரேக்கில் ஏறி நின்றார். பெட்டி துப்பட்டாவோடு முன்னால் சாய்ந்தது. 'விழட்டும்' என்றது என் மனசு. ஆனால் கை தானாகப் போய்த் தாங்கிவிட்டது.

அன்றைக்குக் கை மனசைக் கேட்காமல் வேலை செய்தது. பிறகு கையும் கேட்கப் பழகிக்கொண்டது.

வாங்குவதா, சேர்ப்பதா?

புதிதாக இந்த வாரம் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். நான் தேன்மொழி. கம்ப்யூட்டர் விளையாட்டுப் போட்டிகளுக்கு நேரலையில் தமிழில் வர்ணனை சொல்கிறவள். என் குரல் உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கும். உங்களுக்குத் தலைவலியாக இருந்திருக்கும்.

இந்தத் தொடர் ஆரம்பித்ததிலிருந்து வருகிற கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான். 'முதன்முதலாக கேமிங் கம்ப்யூட்டர் வாங்கப் போகிறோம். கடையில் சேர்த்து வைத்திருப்பதை அப்படியே வாங்கலாமா, பாகம் பாகமாக வாங்கி நாமே சேர்க்கலாமா?' தர்மபுரியிலிருந்து ஒரு வாசகி நான்கு தடவை எழுதிவிட்டார். கடைசிக் கடிதத்தில் கொஞ்சம் கோபமும் தெரிந்தது. நான் பதில் சொல்லாமல் நழுவிக்கொண்டே வந்ததற்குக் காரணம் இருக்கிறது. அந்தக் கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதில் ரோஸ்லின் வழியாகத்தான் போகிறது.

ரோஸ்லினும் நானும் ஏர்க்காட்டில் ஒரு சின்ன ஹோட்டலில் வரவேற்பு மேஜையில் வேலை பார்த்தோம். என் அப்பா கீழே சேலத்திலிருந்து வந்து, ஏரிக்குப் போகிற வழியில் மிளகு, ஏலக்காய்க் கடை போட்டவர். ரோஸ்லினின் அப்பா நாகலூர்ப் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டர். நாங்கள் இரண்டு பேரும் ஒரே மிஷன் பள்ளிக்கூடத்தில், ஒரே பெஞ்சில் படித்தவர்கள். அறை காலி இல்லாத நாட்களில் வேலை, காலியாக இருக்கிற நாட்களில் மேஜைக்குக் கீழே போனை வைத்துக்கொண்டு துப்பாக்கிச் சண்டை. மானேஜர் வந்தால் உடனே, "வணக்கம் சார், லேக் வியூ ரூம் வேணுங்களா?"

போனில் ஆடி ஆடி, பெரிய திரையில் ஆடுகிறவர்களிடம் உதை வாங்கி, கம்ப்யூட்டர் வேண்டும் என்ற எண்ணம் இரண்டு பேருக்கும் ஒரே வாரத்தில் வந்தது. அதற்கப்புறம்தான் வழி பிரிந்தது.

ரோஸ்லினின் அண்ணன் கப்பலில் வேலை பார்த்தான். தங்கைக்கு என்ன வேண்டுமோ கேள் என்பான். என் அப்பாவிடம் நான் கேட்டபோது, "அதுல மெளகு காயப்போட முடியுமா?" என்றார். ஆகவே நான் ஒவ்வொரு பாகமாக வாங்கத் தீர்மானித்தேன். அதைக் கொள்கை போலவும் பேச ஆரம்பித்தேன். கையில் இல்லாதவர்கள் கொள்கை பேசுவது சுலபம்.

"ரெடிமேடு சுடிதார் எடுத்தா அன்னைக்கே போட்டுக்கலாம்" என்பாள் ரோஸ்லின், சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபடி. "உன்னாட்டம் துணி எடுத்து, அளவு குடுத்து, தையக்காரர் ஊட்டுக்கு நடையா நடக்க எனக்கு ஆவாது தேனு."

"தச்சுப் போட்டாத்தான், எங்க பிரிக்கோணும்னு தெரியும்."

"எதுக்குப் பிரிக்கோணும்? புதுசப் போயி யாராச்சும் பிரிப்பாங்களா?"

நான் என் டப்பாவைத் திறந்தேன்.

பொறாமையில் நான் சின்ன வயதிலேயே தேறியவள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஐந்தாம் வகுப்பில் கிறிஸ்துமஸ் நாடகம். ரோஸ்லினுக்குத் தேவதை வேஷம். பஞ்சு ஒட்டிய இறக்கை, நெற்றியில் ஜிகினா, எட்டு வரி வசனம். எனக்கு ஆட்டு வேஷம். கோணிக்குள் முட்டி போட்டுக்கொண்டு 'மே' என்று கத்த வேண்டும். மேய்ப்பர்களுக்கு நற்செய்தி சொல்லத் தேவதை வாயைத் திறந்த நேரத்தில் நான் ஏழெட்டு 'மே' சேர்த்துப் போட்டேன். அவள் வசனம் ஒருவருக்கும் கேட்கவில்லை. சிஸ்டர் காதைத் திருகினார். ரோஸ்லின் மட்டும், "ஆடு நல்லாப் பண்ணுச்சு" என்றாள். கேலி செய்யவில்லை, நிஜமாகவே சொன்னாள். அவளுடைய அந்தக் குணம்தான் என் வயிற்றெரிச்சலை இன்னும் கிளறியது.

ஏலக்காய் வாசத்தில் ஒரு கறுப்புத் திரை

எல்லாப் பாகமும் சேர எனக்கு எட்டு மாதம் ஆனது. முதலில் கேபினெட், அதாவது வெறும் கூடு. அடுத்து மதர்போர்டு. அப்புறம் பிராசஸர். கடைசியாக, அன்றைக்குப் பஸ்ஸில் கொண்டுவந்த அந்த ராம். படத்தை வரைந்து தருகிற கிராபிக்ஸ் கார்டு மட்டும் பழையது, யாரோ பயன்படுத்திக் கழித்தது. கரண்டு பிரித்துக் கொடுக்கிற பெட்டியில் மட்டும் நான் கஞ்சத்தனம் பார்க்கவில்லை. மலையில் இடி இடித்தால் கரண்டு படும் பாடு உங்களுக்குத் தெரியும். முதன்முதலாகச் சேர்க்கிறவர்கள் மற்ற எதிலாவது மிச்சம் பிடியுங்கள், அதில் வேண்டாம்.

சேர்த்தது அப்பா கடையின் பின்னறையில். "அந்தச் சாமானை ஏலக்கா மூட்டைகிட்ட வெக்காத, வாசம் ஏறிக்கும்" என்று அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார். ஏலக்காய் கெட்டுவிடும் என்று அவர் கவலை. வாசம் ஏறியது என்னவோ கம்ப்யூட்டருக்குத்தான். சூடானால் இன்றைக்கும் அந்தக் கூட்டிலிருந்து லேசாகப் பாயச வாசம் வரும்.

எல்லாவற்றையும் மாட்டி, பித்தானை அமுக்கினேன். விசிறி சுற்றியது. திரை கறுப்பாகவே இருந்தது. கழற்றி மாட்டினேன். கறுப்பு. ராமை மாற்றிச் செருகினேன். கறுப்பு. சாப்பாட்டுக்கு அம்மா கூப்பிட்டதற்குக் கத்தினேன். அதே வாரத்தில்தான் ரோஸ்லினின் பெட்டி நாகலூரில் கலர் கலராக விளக்கெரிய உட்கார்ந்திருந்தது. அவள் அனுப்பிய போட்டோவை அன்று பகல் முழுக்கப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்து நொந்தேன்.

கடைசியில் சேலத்தில் பாகம் விற்ற கடைக்காரருக்குப் போன் செய்தேன்.

"ஏனுங்க, திரையோட ஒயர எங்க சொருகியிருக்கறீங்க? மேலயா, கீழயா?"

"மேலங்க. கீபோர்டு, மவுஸ் சொருகற எடத்துக்குப் பக்கத்துல."

"அது மதர்போர்டு ஓட்டைங்க. கீழ குறுக்கால கார்டு இருக்குது பாருங்க, அதுல சொருகுங்க."

செருகினேன். படம் வந்தது. அழுதேவிட்டேன். அவர் போனை வைக்காமல் ஒன்று சொன்னார்.

"உங்க பிராசஸர் வெல கம்மியானதுங்க, தானாப் படம் காட்டாது. அது நல்லதாப் போச்சு. ஒசத்தி ரகமா இருந்தா மேல சொருகுனாலும் படம் வந்திரும். கார்டு சும்மா கெடக்கறது தெரியாம வருசக்கணக்கா ஓட்டிட்டு, கேம் திக்குது திக்குதுன்னு பொலம்பிட்டு இருப்பீங்க."

இந்தப் பேச்சை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொண்டேன்.

மூடி வை

எங்கள் மலையில் பிறந்த பிள்ளைகள் 'அம்மா', 'அப்பா'வுக்கு அடுத்தபடியாகக் கற்றுக்கொள்வது 'மூடி வை' என்பதாகத்தான் இருக்கும். மழைக்காலத்தில் பனி வீட்டுக்குள்ளேயே வந்து நிற்கும். உப்பு கசியும். செருப்பில் பூசணம் பூக்கும். டி.வி.க்கு உறை, மிக்ஸிக்கு உறை, ரேடியோவுக்குத் துண்டு. சுவரில் பயன்படுத்தாத பிளக் ஓட்டைகளில் காகிதத்தைச் சுருட்டி அடைத்து வைப்பார்கள். கீழேயிருந்து வருகிறவர்கள் பார்த்துச் சிரிப்பார்கள். ஒரு மழைக்காலம் இருந்து பார்த்தால் அவர்களும் அடைப்பார்கள்.

கோயம்புத்தூரில் பெண்களே ஆடும் ஒரு அணிக்கு ஐந்தாவது ஆள் தேவை என்று அறிவிப்பு வந்தது. மதுமிதா என்பவர் கேப்டன். நானும் ரோஸ்லினும் பேர் கொடுத்தோம். பல சுற்று வடிகட்டி, கடைசியில் மிஞ்சியது நாங்கள் இரண்டு பேர். அடுத்த சனிக்கிழமை மதியம் அவரவர் வீட்டிலிருந்தே ஒருவரையொருவர் எதிர்த்து மூன்று ஆட்டம் ஆட வேண்டும், ஒருவரை எடுப்போம் என்றார்கள். எடுத்தால் ஹோட்டல் மேஜையை விட்டு விடுதலை. மாதச் சம்பளம், பயிற்சி, ஊர் ஊராகப் போட்டி. இரண்டு பேருக்கும் வேண்டியது அதுதான். இடம் ஒன்றுதான்.

அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்ததும் ரோஸ்லின் என்னை வீட்டுக்குக் கூட்டிப் போனாள். எஸ்டேட் கொடுத்த ஓட்டு வீடு. வாசலில் மிளகு காய்ந்துகொண்டிருந்தது. பத்து நாள் முன்னால் பெய்த மழையில் காபி பூத்து, காடு முழுக்க மல்லிகை போல மணத்தது. எனக்கு அந்த வாசத்தின் மேல்கூடப் பொறாமை வந்தது. எங்கள் கடையில் மிளகு நெடிதான் அடிக்கும்.

"படம் கொஞ்சம் திக்குது தேனு" என்றாள் அவள். "எதிராளி திரும்பறப்ப அப்படியே நின்னு நின்னு போவுது. நெட்டுதான் சரியில்லியாட்ட இருக்குது. நீ சேத்துப் பழகுனவ, ஒரு பார்வ பாரேன்."

மேஜைக்குப் பின்னால் குனிந்து போனேன். பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. திரையின் ஒயர் மேலே, மதர்போர்டின் ஓட்டையில் இருந்தது. கீழே குறுக்காக, நான் கனவில்கூட வாங்க முடியாத அந்த கிராபிக்ஸ் கார்டு. அதன் மூன்று ஓட்டைகளிலும் மூன்று கறுப்பு ரப்பர் மூடிகள், கடையில் போட்டது போட்டபடியே. கார்டில் விளக்கு எரிந்தது. வேலை மட்டும் செய்யவில்லை.

"அந்த மூடியக் கழட்டிராத கண்ணு" என்றது ஒரு குரல். ரோஸ்லினின் அப்பா, கையில் தேநீருடன் நின்றார். ஒயர் மாட்டியது அவர்தான். "கடைக்காரப் பையன் சொன்னானாம்ல, மலைக்குப் போறீங்க, பனி பூந்துக்கும், மூடி போட்டே வெய்யிங்கன்னு. நானு வாரத்துக்கு ஒருக்கா தொட்டுப் பாத்துக்கறேன், இறுக்கமா இருக்குதான்னு."

கடையில் அந்த ஆள் சொன்னபோது நானும் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். வீடு போய்ச் சேரும்வரை என்ற அர்த்தத்தில் அவர் சொன்னார். உப்பு ஜாடியை இறுக்கி இறுக்கியே பழகிய மலைக்காரருக்கு அது என்றென்றைக்குமான கட்டளையாகிவிட்டது. இந்தத் தப்பைக் கீழே யாரும் செய்திருக்க மாட்டார்கள்.

தானே சேர்த்தால் என்ன லாபம் என்று கேட்கிறீர்களே, அது இதுதான். எந்த ஓட்டை எதற்கு என்று தெரியும். என் மட்டமான பெட்டி கறுப்புத் திரையைக் காட்டித் தப்பைச் சொல்லிவிட்டது. அவளுடைய உயர்ந்த பெட்டி ஒரு படத்தைக் காட்டித் தப்பை மறைத்துவிட்டது. ஒரே ஒரு நிமிட வேலை. மூடியைப் பிடுங்கி, ஒயரைக் கீழே மாற்றினால் போதும்.

நான் மேஜைக்கடியிலிருந்து வெளியே வந்தேன். முட்டியிலிருந்த தூசியைத் தட்டினேன்.

"எல்லாம் சரியாத்தான் இருக்குதுங்க மாமா" என்றேன். ரோஸ்லினிடம், "நெட்டுதான் போலிருக்குது" என்றேன்.

அவர் கொடுத்த தேநீரைக் குடித்தேன். இஞ்சி போட்டிருந்தார், நன்றாகவே இருந்தது.

சனிக்கிழமை மதியம்

முதல் ஆட்டம் எனக்கு. சுலபமாக ஜெயித்தேன்.

இரண்டாவது ஆட்டத்தில் நடந்ததை நான் இதுவரை எந்தப் பேட்டியிலும் சொன்னதில்லை. ரோஸ்லின் ஜெயித்தாள். திக்கித் திணறுகிற படத்தை வைத்துக்கொண்டு, நான் எங்கே நின்று எங்கே தாவுவேன் என்பதை ஊகித்தே சுட்டாள். அவள் கண்ணுக்குத் தெரியாத இடத்தையெல்லாம் மனதால் நிரப்பிக்கொண்டு ஆடினாள். நல்ல படம் எதிரே ஓடியும் எனக்கு அது வரவில்லை. கை வியர்த்து மவுஸ் வழுக்கியது. என்னை விட இவள் கெட்டிக்காரி என்று அந்தக் கால் மணி நேரத்தில் எனக்கு ஐயம் திரிபற விளங்கிவிட்டது.

மூன்றாவது ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் மதுமிதா என்னைப் போனில் தனியாக அழைத்தார்.

"தேன்மொழி, அந்தப் பொண்ணு மெஷின்ல ஏதாவது பிரச்சினையா? சில இடத்துல அப்படியே உறைஞ்சு போறாங்க. நீங்க போய்ப் பார்த்தீங்கன்னு சொன்னாங்களே? ஏதாவது இருந்தா சரிபண்ணச் சொல்லி நாளைக்கு வெச்சுக்கலாம்."

கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளே வா என்று கூப்பிடுவது மாதிரி இருந்தது. நான் வாயைத் திறந்தேன்.

"நல்ல மெஷினுங்க. புதுசு. கடையிலயே சேத்துக் குடுத்ததுங்க."

மூன்றும் உண்மை. ஒரு பொய்கூட இல்லை.

மூன்றாவது ஆட்டத்தில் கடைசிச் சண்டை, அவளும் நானும் நேருக்கு நேர். அவள் என்னை முதலில் பார்த்துவிட்டாள். அது எனக்குத் தெரியும். ஆனால் அவள் சுடவில்லை, படம் உறைந்துபோயிருந்தது. நான் சுட்டேன். இரண்டே புள்ளி வித்தியாசத்தில் இடம் எனக்குக் கிடைத்தது.

கொஞ்ச நேரத்தில் அவளே போன் செய்தாள். "சூப்பர் தேனு! நீதான் போவோணும். என்ற கை சரியில்ல புள்ள. இவ்ளோ நல்ல பெட்டி இருந்தும் வரலீன்னா, கைதான சரியில்ல?"

"அப்படியெல்லாம் இல்ல" என்றேன். உண்மையைச் சொல்லிவிடுவேனோ என்று எனக்கே பயம். போனை வைத்துவிட்டேன்.

போகும்போது ஒரு பரிசு

நான் கோயம்புத்தூர் போனேன். அங்கே எல்லாருடைய பெட்டியும் என்னுடையதைவிட நல்லதாக இருந்தது. எல்லார் மேலும் பொறாமைப்பட்டேன். அது வேறு கதை.

அடுத்த வருஷமோ அதற்கடுத்ததோ, ரோஸ்லினுக்கு ஓசூரில் மாப்பிள்ளை அமைந்தது. கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் நாகலூருக்குப் போயிருந்தேன். வீடு முழுக்கச் சொந்தக்காரர்கள். அவள் என்னைப் பெட்டி இருந்த மூலைக்கு இழுத்துப் போனாள். அது உறை போட்டு மூடியிருந்தது.

"இத நான் ஓசூர் எடுத்துட்டுப் போறேன். ஆபீஸ் வேலைக்கு ஆவும். ஆனா உள்ள கேமுக்குன்னு ஒரு கார்டு இருக்குதாமே, அது எனக்கு எதுக்கு? உன்ற பெட்டியில பழசுன்னு சொல்லிட்டே இருப்பியே. இத எடுத்துக்க. நீ ஆடறதப் பாத்தா நானே ஆடுன மாதிரி."

வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். நான் அந்தக் கார்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அது வேண்டும். வாங்கிய நாளிலிருந்து வேண்டும். ஸ்குரூ டிரைவர் கொண்டு வரச் சொன்னேன்.

கழற்றினேன். அவள் பெட்டியைத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். படம் வந்தது. எப்போதும் போலவே வந்தது.

ரோஸ்லின் நெற்றியைச் சுருக்கினாள். "என்ன தேனு, அத எடுத்த பொறவும் அப்படியே ஓடுது? ஒயரக்கூட மாத்தலியே நீ?" பிறகு சிரித்தாள். "அப்ப அது வேலையே செய்யாமச் சும்மா ஒக்காந்திருந்துச்சாட்ட இருக்குது!"

"ஆமா" என்றேன். "சும்மா இருந்திருக்கும்."

அவளும் சிரித்தாள், நானும் சிரித்தேன். உள்ளேயிருந்து யாரோ மருதாணிக்குக் கூப்பிட்டார்கள். போய்விட்டாள்.

அந்தக் கார்டில்தான் மூன்று வருஷம் ஆடினேன். அதில் ஆடித்தான் வர்ணனைக்கு வந்தேன், இந்தப் பத்திரிகையில் எழுதும் இடத்துக்கும் வந்தேன். வீட்டுக்குக் கொண்டுபோன அன்றைக்கே மூன்று மூடிகளையும் பிடுங்கினேன். நன்றாக இறுக்கியிருந்தார் ரைட்டர். நகம் உடைந்தது. ஒரு துளி பனிகூட உள்ளே போயிருக்கவில்லை.

தர்மபுரி வாசகிக்கு

அம்மா, உங்கள் கேள்விக்கு வருகிறேன். கடையில் சேர்த்ததையே வாங்குங்கள், தப்பில்லை. அவசரக்காரர்களுக்கு அதுதான் சரி. ஆனால் வாங்கின அன்றைக்கே, பின்னால் குனிந்து, திரையின் ஒயர் கீழே கார்டில் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். உங்கள் தோழியைக் குனிந்து பார்க்கச் சொல்லாதீர்கள். அவள் உங்களை விட ஆசைக்காரியாக இருந்தால் கஷ்டம்.

போன மாதம் ஓசூரிலிருந்து ரோஸ்லின் பேசினாள். இந்தத் தொடரை வாரம் தவறாமல் வாங்கிப் படிக்கிறாளாம். ஆட்டு வேஷத்தைப் பற்றி எப்போது எழுதுவாய் என்று கேட்டாள். பிறகு குரல் இறங்கியது.

"என்னைப் பத்தி எழுது, பரவால்ல. அந்தச் சனிக்கெழம தோத்தத மட்டும் எழுதிராத தேனு. அதுக்கப்பறம் நான் ஆடவே இல்ல பாரு. எனக்குக் கை வராதுன்னு இங்க யாருக்கும் தெரியாது. நொம்பக் கூச்சமா இருக்கும்."

சரி, எழுத மாட்டேன் என்றேன். இத்தனை வருஷம் அவளுக்கு அந்தக் கூச்சம் இருந்திருக்கிறது என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அது அவளுக்குச் சேர வேண்டியதே அல்ல.

ரோஸ்லின், வாக்கு மீறிவிட்டேன். அந்த மூன்று மூடிகளும் என் மேஜை டிராயரில் இருக்கின்றன. இந்த இதழோடு உனக்குத் தபாலில் வரும். உன் கை நன்றாகத்தான் இருந்தது. என்னுடையதை விட நன்றாக இருந்தது. ஒயர் மேலே இருந்தது. நான் பார்த்தேன்.